ஐம்பத்தாறு வயதில் என் மிக வேகமான மாரத்தான்

மூன்று வாரங்களுக்கு முன் ஓடிய மாரத்தானில் 42.195 கிலோமீட்டரை 3 மணி 48 நிமிடம் 26 விநாடிகளில் கடந்தேன். என் நாற்பத்தைந்தாவது வயதில் ஓடிய முதல் மாரத்தானுக்கு 4 மணி 51 நிமிடம் 40 விநாடிகள் பிடித்தன. பதினோரு ஆண்டுகள் மூத்துவிட்ட அதே உடல், அதே தூரத்தை ஒரு மணி நேரத்துக்கும் மேல் முன்னதாக முடித்திருக்கிறது. செய்தி கேட்டவர்களில் பலர் "வயதை வென்றுவிட்டீர்கள்" என்று வாழ்த்தினார்கள். அந்த வாழ்த்தில் உள்ள அன்பை மனமார ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அதிலுள்ள கணக்கு தவறானது என்பதாலும், அந்தத் தவறான கணக்கே என் வயதுடைய பலரை ஓடத் தொடங்கவிடாமல் தடுக்கிறது என்பதாலும் இந்தப் பதிவை எழுதுகிறேன்.

வயதை நான் வெல்லவில்லை. என் உடலின் உச்சவரம்பு ஆண்டுதோறும் இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது. அந்த வரம்புக்கு வெகு கீழே பல பத்தாண்டுகள் கிடந்த நான், அதை நோக்கி மெல்ல ஏறிக்கொண்டிருக்கிறேன். இருபத்தைந்து வயதில் நான் ஓடியதே இல்லை. அப்போது ஓடியிருந்தால் என்ன நேரம் வந்திருக்கும் என்று எவராலும் சொல்ல முடியாது. பெர்சனல் பெஸ்ட், அதாவது ஒருவர் இதுவரை ஓடியதில் மிகச் சிறந்த நேரம், என்று நாம் சொல்வது, உடலின் எல்லைக்கு இதுவரை எவ்வளவு அருகில் போயிருக்கிறோம் என்பதைத்தான் காட்டுகிறது. எல்லை இறங்குகிற வேகத்தை விட நாம் ஏறுகிற வேகம் கூடுதலாக இருக்கும் வரை, ஐம்பது வயதிலும் அறுபது வயதிலும் புதிய சாதனை நேரம் வந்துகொண்டேயிருக்கும்.

மாரத்தான் வேகத்தைத் தீர்மானிப்பவை மூன்று என்று 1991இல் அமெரிக்க மருத்துவரும் உடலியங்கியல் ஆய்வாளருமான மைக்கேல் ஜாய்னர் ஒரு கட்டுரையில் விளக்கினார். உடல் அதிகபட்சமாக எவ்வளவு ஆக்ஸிஜனைப் பயன்படுத்த முடியும் என்பது முதலாவது. கடும் உழைப்பில் தசைகள் வெளியிடும் லாக்டேட் என்னும் பொருள் இரத்தத்தில் தேங்காமல் அந்த அதிகபட்சத்தில் எத்தனை பங்கைத் தொடர்ந்து செலவிட முடியும் என்பது இரண்டாவது. ஒரு குறிப்பிட்ட வேகத்தில் ஓட எவ்வளவு ஆக்ஸிஜன் செலவாகிறது என்னும் சிக்கனம் மூன்றாவது. இவற்றில் வயது முதலில் கைவைப்பது முதலாவதில்தான். பயிற்சி இல்லாதவர்களிடம் அது முப்பது வயதுக்குப் பிறகு பத்தாண்டுக்குச் சுமார் 10 சதவீதம் குறைகிறது. கடும் பயிற்சியை விடாதவர்களிடம் அந்தச் சரிவு ஏறக்குறையப் பாதியாக இருக்கக்கூடும். மற்ற இரண்டும் அப்படி எளிதில் கைவிட்டுப் போவதில்லை. நன்கு பயின்ற மூத்த ஓட்டக்காரர்களின் ஓட்டச் சிக்கனம் இளையவர்களுடையதற்குப் பெரிதும் பின்தங்குவதில்லை. தசைகளில் இரத்த நுண்குழாய்கள் பெருகுவதற்கும் அவற்றின் ஆற்றல் உலைகளான மைட்டோகாண்ட்ரியாக்கள் வளர்வதற்கும் ஆண்டுக்கணக்கான ஓட்டம் தேவைப்படுகிறது. தாமதமாகத் தொடங்கியவர்களுக்கு அந்த ஆண்டுகள் ஐம்பதுகளில்தான் வந்து சேர்கின்றன.

உலக அளவில் இதற்கு எனக்கு மிகவும் பிடித்த சான்று ஜப்பானைச் சேர்ந்த மாரிகோ யுகேடா. பள்ளி உடற்கல்வி ஆசிரியை. நான்கு பிள்ளைகளின் தாய். மூன்று மணி நேரத்துக்குள் ஒரு மாரத்தானை முடிக்க வேண்டும் என்ற ஆசை இருபதுகளிலேயே அவருக்கு இருந்தது. அது முதன்முறையாகக் கைகூடியபோது அவருக்கு வயது 58. 2019இல், 61 வயதில், 2 மணி 59 நிமிடம் 15 விநாடிகளில் ஓடி, அறுபதைக் கடந்த பெண்களில் மூன்று மணி நேரத்துக்குள் முடித்த முதல்வரானார். 2021இல் ஒசாகாவில் அதை 2 மணி 52 நிமிடம் 13 விநாடிகளாகக் குறைத்தார். அப்போது வயது 62. இளமையில் ஓடியவரே அறுபதுகளில் தம் இளமையை விட வேகமாக ஓடினார் என்பதுதான் இதில் வியப்பு. இளமையில் அவர் பிள்ளைகளை வளர்த்தார், வேலைக்குப் போனார், மிச்சமிருந்த நேரத்தில் ஓடினார். அந்த ஆசையை முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஒருவர் அணையவிடாமல் வைத்திருந்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

அமெரிக்கரான ஜீன் டைக்ஸ் இன்னொருவர். மாரத்தான் ஓடத் தொடங்கியதே ஐம்பதுகளின் இறுதியில்தான். வாழ்நாளின் மிகச் சிறந்த நேரமான 2 மணி 54 நிமிடம் 23 விநாடிகளை 2018இல், எழுபது வயதில், ஓடினார். ஆஸ்திரேலியாவின் சினீட் டைவர் முப்பதுகளில் ஓடத் தொடங்கி, 2022இல் வலென்சியாவில் 45 வயதில் 2 மணி 21 நிமிடம் 34 விநாடிகள் ஓடி அந்நாட்டின் தேசியச் சாதனையையே தம் வசமாக்கினார். இவர்களின் திறமைக்கு அருகில் நான் எங்கும் இல்லை. இறங்கும் வரம்பும் ஏறும் பயிற்சியும் எந்த வயதில் சந்திக்கும் என்பது, எப்போது தொடங்கினோம், எவ்வளவு இடம் மிச்சமிருந்தது என்பவற்றைப் பொறுத்தது என்று காட்டவே இவர்களைச் சொல்கிறேன்.

என் முதல் ஆறு ஆண்டுகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. புதிதாக ஓடுகிறவர் எதைச் செய்தாலும் வேகம் கூடும், எனக்கும் கூடியது. ஐம்பத்தொரு வயதில் 4 மணி 9 நிமிடம் 12 விநாடிகளை எட்டினேன். அதன் பிறகு எல்லாம் நின்றுவிட்டது. மாதவிடாய் நின்றிருந்த காலம் அது. இரவு இரண்டு மணிக்கு உடல் தீப்பிடித்ததுபோல் கொதித்து விழிப்பு வரும். பிறகு விடியும் வரை உறக்கம் இராது. ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண் ஹார்மோன் குறையும்போது தசையும் எலும்பும் வேகமாகத் தளர்கின்றன என்பதையும், உறக்கமின்மை பயிற்சியின் பயனையே தின்றுவிடும் என்பதையும் அப்போது நான் அறியவில்லை. வேகம் குறைகிறதே என்று இன்னும் வேகமாக ஓடினேன். ஐம்பத்து நான்காவது வயதில் ஓடிய மாரத்தானில் 33ஆவது கிலோமீட்டரில் கால்கள் மரக்கட்டையாகி, நடந்தும் ஓடியும் 4 மணி 21 நிமிடங்களில் முடித்தேன். அடுத்த மாதமே இடது குதிநாண், அதாவது அக்கிலிஸ், வீங்கிக்கொண்டது.

பதினோரு வாரங்கள் ஓட முடியவில்லை. நான் பார்த்த மருத்துவர் என் காலைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன்பே, "இந்த வயசுல எதுக்கும்மா ஓட்டம்? முட்டி தேஞ்சு போயிடும், நடந்தா போதும்" என்றார். அந்தச் சொற்களின் வலி குதிநாண் வலியைக் காட்டிலும் நீண்ட நாள் இருந்தது. உடல்நலத்துக்காக ஓடுகிறவர்களிடம் முழங்கால், இடுப்பு மூட்டுத் தேய்மானம் ஓடாதவர்களைக் காட்டிலும் குறைவாகவே காணப்படுகிறது என்று, பல ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வெளியான ஆய்வு சொல்கிறது. அதை அன்று நான் அறிந்திருந்தால் அவரிடமே சொல்லியிருப்பேன். அதே வேளையில், மருத்துவர்களைத் தவிர்க்கச் சொல்வதாக என்னை எவரும் தவறாகப் புரிந்துகொள்ளக் கூடாது. நாற்பதைத் தாண்டியவர்களுக்கு ஓட்டத்தின்போது ஏற்படும் திடீர் மரணங்களில் பெரும்பாலானவை ஏற்கெனவே இருந்த இதயத் தமனி அடைப்பால் நேர்பவை. ஆகவே கடும் பயிற்சியைத் தொடங்குமுன் டிரெட்மில் பரிசோதனை உட்பட இதயத்தை முறையாகப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். பெண்களாக இருந்தால் எலும்பு அடர்த்தியையும், இரும்புச் சத்தின் இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவையும் சேர்த்துப் பார்த்துவிடுவது நல்லது.

பின்னர் வேறொரு பிசியோதெரபிஸ்டிடம் போனேன். அவர் என்னைச் சுவரில் விரல் நுனியை ஊன்றச் சொல்லி, ஒற்றைக் காலில் நின்று குதிகாலை முழுவதுமாக உயர்த்தி இறக்கச் சொன்னார். வலக்காலில் பதினேழு முறை முடிந்தது. இடக்காலில் ஒன்பதாவது முறையில் கால் நடுங்கி, பத்தாவதில் குதிகால் தரையை விட்டு எழவே மறுத்தது. பத்தாண்டுகள் ஓடிய கால் அது; ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் என்னைச் சுமந்த கால். அந்தச் சுவரருகே நின்றபடியே என் தேக்கத்தின் காரணம் எனக்குப் புரிந்தது. வயது ஏறும்போது ஓட்டக்காரர்களின் நடைவீச்சு குறுகுகிறது. இடுப்பின் வேலையை விடக் கணுக்காலின் உந்துவிசைதான் அதிகம் குறைகிறது. அந்த உந்துவிசையைத் தருவது கெண்டைக்கால் தசை. ஓட்டம் மட்டுமே அதைக் காப்பாற்றிவிடும் என்று நான் நம்பியிருந்தேன்.

அன்று முதல் படிக்கட்டின் விளிம்பு என் பயிற்சிக்கூடமானது. முன்பாதம் மட்டும் படியில், குதிகால் வெளியே. மூன்று விநாடிகள் மேலேறி, மூன்று விநாடிகள் கீழிறங்கி, அடியில் ஒரு நொடி நிற்க வேண்டும். முழங்காலை நீட்டியபடி ஒரு சுற்று, சற்று மடித்தபடி ஒரு சுற்று. மடித்துச் செய்யும்போதுதான் உள்ளடுக்கிலிருக்கும் சோலியஸ் தசை கூடுதல் சுமையை ஏற்கிறது. நான்கு மாதங்களுக்குப் பின் முதுகில் பை மாட்டி எடை சேர்த்தேன். இன்று 12 கிலோ சுமையுடன் வலக்காலில் இருபத்தைந்து முறை முடிகிறது. இதோடு வாரத்துக்கு இரண்டு நாள் பளுப் பயிற்சி: டெட்லிஃப்ட், ஸ்குவாட், ஒற்றைக்கால் பயிற்சிகள்; கனமான எடையில் ஐந்து ஐந்து முறையாக. இலகுவான எடையை இருபது முறை தூக்குவது வயதான தசைக்குப் போதுமான அழைப்பாக இருப்பதில்லை என்பது என் அனுபவம். மூத்த தசை புரதத்துக்கும் மந்தமாகவே பதிலளிக்கிறது என்பதால், ஒவ்வொரு வேளையும் உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 0.4 கிராம் புரதம் சேருமாறு பார்த்துக்கொண்டேன்.

இரண்டாவது மாற்றம் மெதுவாக ஓடக் கற்றது. நான் எளிய ஓட்டம் என்று நினைத்ததெல்லாம் எளிதாக இருக்கவில்லை. கிலோமீட்டருக்கு 6 நிமிடம் 10 விநாடி என்று, ஓய்வும் தராமல் வேகமும் தராமல் நடுவில் நின்ற ஓட்டம் அது. இப்போது வாரத்தின் பெரும்பாலான ஓட்டங்களை 6:45 முதல் 7:00 வரையிலான வேகத்தில், முழு வாக்கியமாகப் பேசக்கூடிய மூச்சில் ஓடுகிறேன். 220இலிருந்து வயதைக் கழித்தால் உச்ச இதயத்துடிப்பு கிடைக்கும் என்ற சூத்திரத்தை நம்பி, என் உச்சம் 164 என்று வைத்துக்கொண்டிருந்தேன். ஏற்றத்தில் முழு மூச்சாக ஓடி அளந்தபோது 178 வந்தது. சூத்திரம் கூட்டத்தின் சராசரியைச் சொல்கிறது. தனி மனிதருக்கு அது பத்துத் துடிப்புக்கு மேல் தவறலாம். இந்த வயதில் வேகப் பயிற்சியைச் சூத்திரத்தை வைத்து வகுத்துக்கொள்பவர்கள் தங்களால் முடிந்ததை விடக் குறைவாகவே செய்துகொண்டிருக்கக்கூடும்.

வாரம் என்பது ஏழு நாள் என்ற கட்டாயத்தையும் விட்டேன். முப்பது வயதுக்காரர் செவ்வாய் வேகமாக ஓடி வியாழன் மீண்டும் வேகமாக ஓடலாம். எனக்கு மூன்றாவது நாளும் கால் கனமாகவே இருந்தது. ஆகவே பதினான்கு நாள் சுழற்சி ஒன்றை வகுத்தேன். ஒரு ஞாயிறு 28 முதல் 32 கிலோமீட்டர் வரை நீள ஓட்டம், மறு ஞாயிறு 18 கிலோமீட்டர் மட்டும். இரண்டு வாரத்துக்குள் மூன்றே மூன்று கடின ஓட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் பின் குறைந்தது இரண்டு எளிய நாட்கள். சுமார் 60 கிலோமீட்டர் என்ற வாராந்திரத் தூரம் முன்பிருந்த அளவேதான். அதே தூரத்தை வேறுவிதமாக அடுக்கியதில்தான் எல்லாம் மாறியது.

ஊட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் அந்த 33ஆவது கிலோமீட்டர் சரிவுக்கு வயதை நான் அநியாயமாகக் குற்றம் சாட்டியிருந்தேன். ஒரு கிலோ எடைக்கு ஒரு கிலோமீட்டர் ஓட ஏறக்குறைய ஒரு கிலோ கலோரி செலவாகிறது. 58 கிலோ எடையுள்ள எனக்கு மாரத்தானுக்குச் சுமார் 2,450 கிலோ கலோரி. தசையிலும் கல்லீரலிலும் கிளைகோஜன் என்னும் மாவுச்சத்து இருப்பாகச் சேமிக்கப்படுவது ஏறக்குறைய 2,000. கொழுப்பு ஒரு பங்கைத் தந்தாலும், வேகம் கூடக் கூட உடல் கிளைகோஜனையே நாடுகிறது. முன்பு நான் முழு ஓட்டத்துக்கும் இரண்டு ஜெல்களோடு (ஓடிக்கொண்டே உண்ணும் மாவுச்சத்துக் கூழ்) நிறுத்திக்கொள்வேன், வயிறு புரளும் என்ற அச்சத்தில். இம்முறை நீள ஓட்டங்கள் ஒவ்வொன்றிலும் இருபத்தைந்து நிமிடத்துக்கு ஒன்று என்று பழகினேன். மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து. முதல் இரண்டு மாதங்கள் வயிறு எதிர்த்தது, பிறகு பணிந்தது. குடலும் பயிற்சிக்கு உட்படும் உறுப்புதான்.

காலணியை மறைப்பது நேர்மையாகாது. கார்பன் தகடு பதித்த காலணியுடன்தான் ஓடினேன். 2017இல் அவ்வகைக் காலணியான நைக்கியின் வேப்பர்ஃபிளை வந்தபோது ஆய்வகத்தில் சுமார் 4 சதவீத ஆற்றல் மிச்சமாவதாகக் கண்டார்கள். அது வேகமான ஓட்டக்காரர்களிடம் அளந்தது. என் வேகத்தில் பயன் அதைவிடக் குறைவாகவே இருக்கும் என்று நினைக்கிறேன். அது தந்த நிமிடங்களைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும், ஐம்பத்தொரு வயதின் நேரத்தை விட முன்னால்தான் இருக்கிறேன்.

ஓட்ட நாளன்று முதல் ஐந்து கிலோமீட்டரில் நூற்றுக்கணக்கானோர் என்னைக் கடந்தார்கள். கடந்த ஒவ்வொருவரோடும் கால்கள் போக விரும்பின. கைக்கடிகாரம் கிலோமீட்டருக்கு 5:27 என்ற வேகத்தைக் காட்டும் வரை ஒவ்வொரு முறையும் இழுத்துப் பிடித்தேன். முதல் பாதி 1 மணி 54 நிமிடம் 50 விநாடி. முன்பு என்னை நிறுத்திய 33ஆவது கிலோமீட்டர்ப் பலகை வந்தபோது தொடைகள் வலித்தன, ஆனால் கெண்டைக்கால் இன்னும் தரையைத் தள்ளியது. ஒவ்வொரு தள்ளலிலும் பாதம் பின்னால் முழுதாக விரிவதை உணர முடிந்தது. 37ஆவது கிலோமீட்டரில் என் மகள் கயிற்றுக்கு மேல் சாய்ந்து, "அம்மா, வாட்ச்ச பாக்காத, முன்னாடி பாரு!" என்று கத்தினாள். அதன் பிறகு நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. தொடக்கத்தில் என்னைக் கடந்தவர்களின் முதுகுகள் ஒவ்வொன்றாக எதிரே வந்தன. நீலச் சட்டை, மஞ்சள் தொப்பி, ஒரு கணவனும் மனைவியும். இரண்டாம் பாதி 1 மணி 53 நிமிடம் 36 விநாடிகளில் முடிந்தது. முடிவுக் கோட்டைக் கடந்ததும் முழங்காலில் கையூன்றி நின்றேன். பதக்கம் மாட்ட வந்த இளம்பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டு நான் நிமிரும் வரை காத்திருந்தாள்.

என்றாவது ஒரு நாள் இறங்கும் வரம்பு என்னைத் தொட்டுவிடும். கனடாவின் எட் விட்லாக் 48 வயதில் 2 மணி 31 நிமிடம் 23 விநாடி ஓடினார். அதுவே அவருடைய வாழ்நாளின் சிறந்த நேரம். அதற்குப் பின்னரும் அவர் நிற்கவில்லை. 73 வயதில் 2 மணி 54 நிமிடம் 48 விநாடிகளும், 85 வயதில் நான்கு மணி நேரத்துக்குள்ளும் ஓடினார். வயதுக்கேற்ற அளவுகோலில் அந்தப் பிற்கால ஓட்டங்களைத்தான் உலகம் அவருடைய பெரும் சாதனைகளாக நினைவில் வைத்திருக்கிறது. எனக்கான அந்த நாள் எது என்று முன்கூட்டி அறிய வழியில்லை. இந்த 3:48:26ஏ என் கடைசி பெர்சனல் பெஸ்டாக இருந்தாலும் இருக்கலாம்.

ஆனால் நேற்று மாலை படிக்கட்டில் மீண்டும் எண்ணிப் பார்த்தேன். அதே 12 கிலோ சுமையில் வலக்கால் இருபத்தைந்து, இடக்கால் இருபத்திரண்டு. 3 மணி 45 நிமிடம் என்பது கிலோமீட்டருக்கு ஐந்து விநாடி மட்டுமே குறைவு. மூன்று வார ஓய்வு முடிந்துவிட்டது. நாளைக் காலை எட்டு கிலோமீட்டர், ஏழு நிமிட வேகத்தில். திரும்பி வந்ததும் முதலில் இடக்கால்.